கிரேன் தாவூதின் பிறந்த வருஷம்

ராயபுரத்துத் தாவூது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். 1952-ஆம் வருஷம் ஒரு காலையில் அவருக்குச் சரக்கு ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அவருக்கு வயது அறுநூற்று இருபத்தொன்று ஆகிவிட்டதாம். ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறாமல் இத்தனை நூற்றாண்டுகளாக விதிக்கு விரோதமாக உழைத்துவருவதால், உடனே வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறாராம்.

பதறிப்போய் ஓடினார். ஆபீசர் வேதமாணிக்கம் கணக்கில் பட்டம் வாங்கியவர்.

"சார், பொறந்த வருஷம் 1331னு கீறது ஹிஜ்ரி கணக்கு. எங்க பள்ளிவாசல்ல அப்டிதான் எழுதுவாங்கோ. எனக்கு நாப்பதுதான் சார்!"

வேதமாணிக்கம் பென்சிலை எடுத்தார். "பாரும். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கி, மறுபடி பதினொன்றால் பெருக்கினால் 1331. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் 1331. இவ்வளவு ஒழுக்கமான எண் தப்பாக இருக்குமா?"

"எண்ணு சரிதான் சார், வயசுதான்..."

"சரித்திரமும் பார்த்தாச்சு. மாலிக் காபூர் மதுரைக்கு வந்துபோன இருபதாம் வருஷம் நீர் பிறந்திருக்கிறீர். விஜயநகரமே உம்மைவிட ஐந்து வயது இளையது."

"அப்போ இங்க ஹார்பரே இல்லியே சார்! நான் எங்க வேல பாத்தேன்?"

"அதற்கு விளக்கம் தரவேண்டியது நீர்தான்."

விஷயம் பரவியது. நீண்ட ஆயுள் வேண்டியவர்கள் வந்து தாவூதின் காலைத் தொட்டார்கள். எண் சோதிடர்கள் 1331-ஐ மகா அதிர்ஷ்ட எண்ணாக அறிவித்தார்கள். கடை போட்டு நாலே வருஷமான அரிசிமண்டி உச்சிமாகாளி, பலகையில் 'ஸ்தாபிதம் 1331' என்று எழுதிக்கொண்டார். வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

தாவூதின் வீட்டில் மட்டும் அடுப்பில் பூனை தூங்கியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. வீட்டுக்காரி ரசூல் பீவி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள்.

"இதப் பாரு நைனா. இங்கிலீஷ் வருஷம் 1952. கீழ ஹிஜ்ரி 1371ன்னு போட்டுகீது. இப்போ கயிச்சுப் பாரு."

வேதமாணிக்கம் 1371-இலிருந்து 1331-ஐக் கழித்தார். நாற்பது வந்தது. ஆபீசர் வாயால் சொன்னதை நம்பமாட்டார். அச்சில் வந்ததை மறுக்கமாட்டார். ஆனாலும் ஆபீஸ் தவறு செய்தது என்று எழுத விதியில் இடமில்லை.

"சரி, இரண்டு வருஷக் கணக்குக்கும் வித்தியாசம் 581. அதைக் கூட்டிக்கொள்கிறோம். ஆனால் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்ட முடியாது அம்மா."

அன்று மாலையே சுற்றறிக்கை பறந்தது: 'இனிச் சகல ஊழியர்களின் பிறந்த வருஷத்தோடும் 581-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டியது.'

கூட்டினார்கள். தாவூது 1912-இல் பிறந்தவரானார். 1905-இல் பிறந்த வேதமாணிக்கம் 2486-இல் பிறக்க இருப்பவரானார். குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டு, பியூன் ஒருவரும் இன்னும் பிறக்கவில்லை. பிறக்காதவர் கையெழுத்து செல்லாது. ஆகவே சுற்றறிக்கையை ரத்துசெய்யவும் ஆளில்லை. பிறந்துவிட்ட ஒரே ஊழியரான தாவூதை அழைத்துவந்து ஆபீசர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மனுவோடு வந்தவர்களிடம் தாவூது உண்மையைச் சொன்னார்: "ஆபீசருங்க இன்னும் பொறக்கல."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. "சரி சார், நாளைக்கு வர்றோம்" என்று கும்பிட்டுப் போனார்கள்.

வேதமாணிக்கம் மேசை முன் கைகட்டி நின்றார். "தாவூது சார், ரத்து உத்தரவில் ஒரு கையெழுத்துப் போட்டால் நாங்கள் எல்லோரும் பிறந்துவிடுவோம்."

ரசூல் பீவியும் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். "போட்டுக் குட்த்துட்டு வாங்க, பாவம். அங்க கப்பலு காத்துகினு கீது."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. கிரேன் கூண்டில் அப்படியொரு காற்று வந்ததே இல்லை. தாவூது பேனாவை மூடிவைத்துச் சாய்ந்துகொண்டார்.

"அவசரப்படாத. மேலிடத்தக் கேக்கணும்."

"உங்களுக்கு மேல யாரு கீறாங்க?"

"அதத்தான் விசாரிச்சுகினு கீறேன்" என்றார் தாவூது. "நீ ஒரு மனு எழுதிக் குட்த்துட்டுப் போ."