நான் நாடு கடத்தப்படாத கதை

எங்கள் மண்டூரில் ஒருவர் தனியாக எங்கேயும் போய்விட முடியாது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பல்லுப் பிடுங்கப் போனாலும் கூடவே மூன்று பேர் ஏறுவார்கள். ஒருவர் நோயாளிக்குத் துணை, மற்ற இருவர் அந்தத் துணைக்குத் துணை. அப்படி வளர்ந்த நான், லண்டன் விமான நிலையத்திலிருந்து என் அறை வரைக்கும் தன்னந்தனியாக வந்து சேருவேன் என்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். (வாய்க்கொழுப்பு என்பது இதுதான்.)

அந்தப் பெண் தர்சினி. சித்தாண்டிக்காரி, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. இரண்டு வீட்டிலும் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்; அவள் மட்டும் 'ஓம்' சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேற்படிப்புக்கு விசா கிடைத்ததும், ஆளை நேரில் பார்த்தபிறகு முடிவு சொல்கிறேன் என்றாள். எனக்கு அறை பார்த்ததும் அவள்தான். அறைக் கதவின் திறப்பும் அவளிடம்தான்.

"நான் எயார்போட்டுக்கு வரமாட்டன்," என்று போனில் சொன்னாள். "ஒரு ரெயில் மாறினாப் போதும், வீட்டு வாசலுக்கே வந்திரலாம். உங்களால தனிய வர ஏலுமா? இஞ்ச எல்லாத்துக்கும் ஆள் பிடிச்சுத் தர ஏலாது."

"ஏன் ஏலாது? ஊதித் தள்ளிருவன்," என்றேன். அவளுடைய 'ஓம்' அந்தப் பயணத்தில் தொங்குகிறது என்பது எனக்கு நன்றாகவே விளங்கியது.

அம்மாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நான் லண்டனில் காலை வைத்ததும் இருக்கும் இடத்தைப் போனில் குடும்பக் குழுவுக்குக் காட்டிக்கொண்டே போகவேண்டும். "நீ போற இடமெல்லாம் எங்களுக்குத் தெரியணும் மனே." சரி என்றேன். அதாவது, மண்டூரில் எங்கள் வீட்டு விறாந்தையில் அம்மாவும் அக்காவும் அத்தானும் ஒரு போனைச் சுற்றிக் குந்தியிருந்து, லண்டன் வரைபடத்தில் ஊரும் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புள்ளி நான். விளக்கம் சொல்லப் பக்கத்து வீட்டுச் சின்னத்தம்பி மாமாவும் வந்துவிட்டார். அவருடைய மகன் ஒருமுறை ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தோடேயே திருப்பி அனுப்பப்பட்டவன். அதனால் வெளிநாட்டு விஷயங்களில் எங்கள் பக்கத்துக்கு அவர்தான் நிபுணர்.

விமான நிலையத்தில் எல்லாம் சிறப்பாக நடந்தது. சிம் வாங்கினேன், புள்ளியை அனுப்பினேன், ரெயிலும் ஏறினேன். இரண்டு சூட்கேஸ், தோளில் ஒரு பை, பைக்குள் தர்சினிக்காக அம்மா கட்டித் தந்த கருவாடு. மாறவேண்டிய நிலையமும் வந்தது. ஆனால் எனக்கும் கதவுக்கும் நடுவே ஒரு பெரிய சனக்கூட்டம். நான் முதல் சூட்கேசைத் தூக்கி, இரண்டாவதைத் தேடி, "எக்ஸ்கியூஸ் மீ" என்ற சொல்லை ஞாபகப்படுத்துவதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

வேறு ஊர்க்காரன் என்றால் அடுத்த நிலையத்தில் பதறி இறங்கியிருப்பான். நான் பதறவில்லை, ஏனென்றால் நான் மண்டூர்க்காரன். குருமண்வெளியிலிருந்து எங்கள் ஊருக்கு வாவியைக் கடக்கிற பாதை ஒன்று உண்டு. பாதை என்றால் தெரு அல்ல. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் ஒரு தட்டையான மிதவை. கதையளந்துகொண்டு இறங்க மறந்தாலும் மோசமில்லை. போன பாதை திரும்பி வரும். அதிலேயே குந்தியிருந்தால் கரை தானாக வந்து சேரும். லண்டன் ரெயிலும் அப்படித்தானே என்று சூட்கேசின் மேல் காலைப் போட்டுச் சாய்ந்துகொண்டேன்.

என் கணக்கில் பெரிய பிழை இல்லை. ரெயில் கடைசி நிலையத்துக்குப் போய், உண்மையாகவே திரும்பி வந்தது. அதற்குள் நான் நித்திரையாகிவிட்டேன் என்பதுதான் கோளாறு. விமானத்தில் கண்மூடாமல் வந்தவன், வாயைப் பிளந்துகொண்டு, மாறவேண்டிய நிலையத்தை இரண்டாம் முறையும் கடந்து போனேன்.

இனி மண்டூர் விறாந்தைக்கு வருவோம். (இது எல்லாம் எனக்குப் பிறகு அக்கா சொன்னது. அக்கா சொல்வதில் பாதியைக் கழித்தாலும் நான் தப்பமாட்டேன்.) ரெயில் நிலத்துக்குக் கீழே போனதும் புள்ளி அசையாமல் நின்றுவிட்டது. போன் எடுத்தால் பதில் இல்லை. விமானத்தில் நான் சத்தத்தை நிறுத்தி வைத்தது நிறுத்தி வைத்தபடியே இருந்தது. அம்மா மண்டூர் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். திடீரென்று புள்ளி மறுபடி உயிர்பெற்று, வந்த வழியே நேராக விமான நிலையத்தை நோக்கிப் போகத் தொடங்கியது.

"பொடியன் கிறுகி வாறான்!" என்றார் அத்தான்.

சின்னத்தம்பி மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புள்ளியை உற்றுப் பார்த்தார். "கிறுகி வரல்ல தம்பி. கொண்டு வாறாங்க. பிடிச்சிட்டாங்க. என்ட மகனுக்கும் இப்பிடித்தான் நடந்த. அடுத்த பிளேன்ல ஏத்திருவானுகள்."

அவ்வளவுதான். அம்மா அழ, அக்கா அழ, அத்தான் மட்டும் காரியத்தில் இறங்கினார். எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தால் வேன் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகாவிட்டால் அது குடும்பத்துக்கே குறை, நாடு கடத்தப்பட்டு வந்தாலும் சரி. "பிளேன் வந்து சேர முதல் நாம அங்க நிக்கணும். அவன் அந்த முகத்தோட வெளிய வரக்குள்ள ஒருத்தரும் இல்லையெண்டா எப்பிடி?" என்று சொல்லி, வேனைப் பிடித்து, சோத்துப் பார்சல்களோடு ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்.

செய்தி சித்தாண்டிக்குப் பறந்தது. சித்தாண்டியிலிருந்து தர்சினியின் அம்மா லண்டனுக்குப் போன் எடுத்து, "மாப்பிளைய திருப்பி அனுப்பப் போறாங்களாம் புள்ள!" என்று ஒப்பாரி வைத்தார்.

நான் கண்விழித்தபோது ரெயில் விமான நிலையத்தில் நின்றது. போனில் தவறிய அழைப்புகள் குவிந்து கிடந்தன. என்ன ஏது என்று பார்ப்பதற்குள், இடத்தைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போன போன் செத்துவிட்டது. சரி, போய்ச் சேர்ந்து பேசலாம் என்று அடுத்த ரெயில் ஏறினேன். இந்த முறை மாறவேண்டிய நிலையத்துக்கு இரண்டு நிலையம் முன்பே எழுந்து கதவோடு ஒட்டிக்கொண்டேன். இறங்கினேன், மாறினேன், இரண்டு பேரிடம் வழி கேட்டேன், சொன்ன வீட்டு வாசலில் வந்து நின்றேன். மார்பு விரிந்துபோயிற்று. மணியை அடித்தேன். யாருமில்லை; திறப்போடு காத்திருக்கவேண்டிய தர்சினியையும் காணோம்.

குளிரில் படியில் குந்தியிருந்தேன். ஒரு பூனை வந்து கருவாட்டுப் பையைச் சுற்றியது. பிறகு இன்னொன்று வந்தது. ஒரு கட்டத்தில் அந்தத் தெருவில் எனக்குத்தான் அதிக சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

கடைசியில் ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கியவள் தர்சினி. கண் சிவந்து, தலைமயிர் குலைந்து, ஒரு காலில் வேலைக்குப் போடும் சப்பாத்து, மற்றக் காலில் வீட்டுச் செருப்பு.

"நீங்க... இஞ்ச என்ன செய்றீங்க?"

"நீங்கதானே தனிய வரச் சொன்னீங்க?"

விமான நிலையத்துக்கு வரமாட்டேன் என்றவள், அங்கே ஓடிப்போய் ஒவ்வொரு கருமபீடத்திலும் சண்டை பிடித்திருக்கிறாள். "அவர என்னட்டக் கேக்காம நீங்க எப்பிடி அனுப்புவீங்க?" என்று ஒரு அதிகாரியிடம் கத்தினாளாம். அவர் பொறுமையாக, "நீங்கள் அவருக்கு யார்?" என்று கேட்டிருக்கிறார். "நான் அவரைக் கட்டப்போறவள்!" என்று சொல்லிவிட்டாள். எங்கள் இரண்டு குடும்பமும் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த சொல் முதலில் போய் விழுந்தது ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் காதில்.

இதைச் சொல்லி முடித்ததும் கைப்பையால் என்னை மொத்தினாள். பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. பூனைகளையெல்லாம் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அவளுடைய போனிலேயே வீட்டுக்கு எடுத்தேன்.

"அம்மா, நான் பத்திரமா வந்திட்டன். என்னை ஒருத்தரும் பிடிக்கல்ல."

அம்மா முருகா முருகா என்று அழுதார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்ப நீ வரமாட்டியா? உனக்கெண்டு இறால் வாங்கி வெச்சிட்டனே மனே," என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

அத்தானோ அதற்குள் பாதி வழியில் இருக்கும் ஹபரணையைத் தாண்டிவிட்டார். "எடுத்த வேன எப்பிடிக் கிறுக்கிற? நாங்க கொழும்பப் பாத்திட்டு வாறம், நீ படி," என்று போனை வைத்துவிட்டார். காலிமுகத்திடலில் எல்லோரும் இறால் வடையோடு நிற்கும் படம் குழுவில் வந்தது. யார் முகத்திலும் துக்கம் இல்லை.

தர்சினியைக் கட்டி, இப்போது பிள்ளைகளோடு வருசா வருசம் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறோம். ஆனால் நான் பிடிபட்டுத் திரும்பி வந்தேன், இரண்டாம் முறைதான் உள்ளே விட்டார்கள் என்பது மண்டூரில் அசைக்க முடியாத வரலாறு. போன மாதமும் பாதையால் இறங்கியதும் சின்னத்தம்பி மாமா என் தோளில் கையைப் போட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி, "என்ன தம்பி, இந்த முறையும் அனுப்பிட்டானுகளா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் தர்சினி முந்திக்கொண்டாள்.

"இல்ல மாமா, அவனுகள் அனுப்ப வந்தவனுகள்தான். நான் விடல்ல."