டைனோசரைத் தள்ளிய மாப்பிள்ளை

எனக்குக் கோபம் வரும். வந்தால் லேசில் போகாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படும்படி நடந்ததெல்லாம், அந்தக் கோபத்தை ஒரே ஒரு நாள் அடக்கி வைத்ததால்தான்.

எண்பதுகளின் நடுவில், நாகர்கோவில்காரனான எனக்குத் திருவனந்தபுரத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சாலை பஜாரில் ஜவுளி மொத்த வியாபாரி. எல்லாம் பேசி முடிந்த பிறகு, பையன் முன்கோபி என்று அவரிடம் யாரோ ஓதிவிட்டார்கள். (யாரோ என்ன யாரோ. ஜன்னல் சீட்டுக்காக பாலராமபுரம் வரைக்கும் கண்டக்டரோடு நான் போட்ட சண்டையை ஒரு பஸ்ஸே கேட்டிருந்தது.) "ஒரு சாயங்காலம் எங்ககூட இருக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அவர்.

பஸ் ஏற்றிவிடும்போது என் தாய்மாமா சொன்னார்: "எலே, அங்க யாரு என்ன சொன்னாலும் சொன்னபடி செய்யி. பையனுக்குக் கோவமே வராதுன்னு அவர்ட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு ஒரு நாள் கோவப்படாம இருந்து தொலை."

புத்தரிக்கண்டம் மைதானத்தில் பொருட்காட்சி. பெண் வசந்தா, அவள் அண்ணன் சுரேஷ், அவன் நண்பர்கள் நாலைந்து பேர். அப்பா டில்லி அப்பளக் கடையிலேயே நின்றுவிட்டார். அடுத்த தடுப்பில் வீடியோ கேம்.

"சும்மா ஒண்ணு களிச்சு நோக்குங்க மாப்ளே" என்றான் சுரேஷ். (களி என்றால் எங்கள் ஊரில் கிண்டித் தின்பது. இவர்களுக்கு விளையாட்டாம்.)

பீரோ மாதிரி ஒரு பெட்டி. அதன் திரையில் கையில் தடியோடு ஒரு குட்டி மனிதன், அவனைத் தின்ன வரும் பச்சை உடும்பு. "உடும்பில்ல, டைனோசர்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி திருத்தினான் சுரேஷ். முதல் கோபம் அங்கே வந்தது. விழுங்கினேன். டைனோசர் என்னை விழுங்கியது. மறுபடியும் விழுங்கியது. பின்னால் சிரித்தார்கள். என்றைக்கோ செத்து மண்ணாய்ப் போன ஜந்து என் கல்யாணத்தைக் கெடுக்கத் திரும்பி வந்திருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது முறை அது வாயைத் திறந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "தல்லு, தல்லு." அதில் வசந்தாவின் குரலும் இருந்தது. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மலையாளத்தில் தல்லு என்றால் அடி. தடியால் டைனோசரை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? என் காதில் விழுந்தது "தள்ளு". மாமா ஞாபகத்துக்கு வந்தார். அதுவரை விழுங்கி வைத்த கோபம் மொத்தமும் தோளுக்கு வந்தது. பெட்டியைத் தள்ளினேன்.

அது தட்டியைப் பிய்த்துக்கொண்டு அப்பளக் கடைக்குள் சாய்ந்தது. நல்லவேளை, யார் மேலும் விழவில்லை. மிளகாய்ப்பொடித் தட்டு மட்டும் பறந்து போய் வருங்கால மாமனாரின் தலையில் கவிழ்ந்தது.

கண்ணைத் திறக்க முடியாமல் அவர் கேட்டார்: "இதாணோ கோவமே வராத பையன்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "நீங்க எல்லாருந்தான் தள்ளச் சொன்னீங்க" என்று பொருட்காட்சி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சுரேஷைத் திட்டினேன். டைனோசரைத் திட்டினேன். மலையாள லகரத்தைத் திட்டினேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு திட்டுவதற்கு என்ன தடை?

வசந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நான் தல்லுன்னு சொன்னேன்ப்பா. இவங்க தள்ளிட்டாங்க. கோவக்காரர்தான். ஆனா சொன்னதைக் கேக்கிற ஆளு."

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். "அப்படின்னா சரி" என்றார்.

கல்யாணம் நடந்தது. என் கோபத்துக்கு இருந்த மரியாதைதான் அன்றோடு போனது. போன வாரம் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பத்திரிகைகளை என்னைக் கேட்காமல் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருக்கிறார்கள். நியாயமான கோபம். எழுந்து நின்று வாயைத் திறந்தேன். பேத்தி ஓடிப் போய் பீரோவை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.