தோணா வாயில் ஒரு கண்டல் காடு

உலகின் மாபெரும் நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில் தோன்றின என்பார்கள். எங்களுடையது தோணாக் கரையில், சிற்றுண்டியுடன் கூடிய ஒரு கூட்டத்தில் தோன்றியது.

தோணா என்பது ஊரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஓடை. 'நீரேந்துப் பகுதி மற்றும் வாழிட மேம்பாட்டுச் சிறு மானியம்' எங்கள் சங்கத்துக்குக் கிடைத்த அன்றே, தலைவர் மசூர் ஹாஜியார் அதனை 'ஈரநிலச் சூழற்றொகுதி' என்று அழைக்கத் தொடங்கினார். நான் செயலாளர். எனக்குக் கண்ணீர் வந்தது. தோணாவின் நாற்றமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மானியக் காசில் நட வேண்டிய கண்டல், அதாவது அலையாத்திக் கன்றுகளை எங்கே நடுவது? உள்ளே சேற்றில் நட்டால் வளரும். ஆனால் புகைப்படத்தில் சேறுதான் விழும். தோணாவின் வாயை மூடிக் கிடக்கும் மணல்மேட்டுக்குப் பின்னாலோ நீலக் கடல். ஆகவே 'விஞ்ஞான ரீதியாக' மேட்டில் நட்டோம். முட்கம்பி அடித்தோம். 'பாதுகாக்கப்பட்ட வாழிடம்' என்று பலகையும் வைத்தோம்.

ஒவ்வொரு மாரியிலும் ஊர்ச்சனம் மண்வெட்டியோடு வந்து அந்த மேட்டைத்தான் வெட்டிவிடும். வெள்ளம் கடலுக்குப் போய்விடும். எவ்வளவு பிற்போக்கான பழக்கம்!

மாரி பிறந்தது. கல்முனைக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்க்கும் சுபைறா, தோணாக் கரை வீட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"மசூர் நானா, வாயை வெட்டி உடுங்க! தண்ணி வாசப்படிக்கு வந்திட்டு."

"வெட்ட ஏலா புள்ள. அது வாழிடம்."

"அப்ப என்ட ஊடு?"

"அது திட்டத்துக்கு வெளிய."

"தண்ணிக்கு அது தெரியாதே நானா!"

"ஓம், அதுக்குத்தான் விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைக்கப்போறம்."

அவளுடைய தம்பி றினாஸ் மண்வெட்டியோடு வந்தான். "நட்ட கண்டெல்லாம் பட்டுப்போச்சி ஹாஜியார். இன்னும் என்னத்தக் காக்கிறீங்க?"

"பட்டாலும் கண்டு கண்டுதான்டா. வெள்ளிக்கிழமை கொழும்பு மிஸ் வந்து எண்ணுவா."

"உசிரோட இரிக்கா எண்டு பாக்கமாட்டாவா?"

"அது ரெண்டாம் கட்டம்."

றினாஸ் கம்பியைத் தாண்டினான். வாழிடத்தைக் காக்கப் பொலிசை அழைத்தோம். மேடு வெட்டுப்படாமல் தப்பியது. மாலைக்குள் வெள்ளம் சுபைறாவின் அடுப்பை அணைத்தது. மா மூட்டைகள் கரைந்தன. அவள் பிள்ளைகளோடு பள்ளிவாசல் மாடியில் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை, மானியம் தந்த கொழும்பு அலுவலக அதிகாரி ஹிமாயா வந்தார். கன்றுகளை எண்ணிவிட்டுத் தோணாக் கரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு குசினிக்குள் விரால் நீந்தியது. அடுப்பின் மேல் கொக்கு நின்றது.

"ஒரு மழைக்குள்ள இவ்வளவு உயிரினமா!"

"மிஸ், இது என்ட குசினி" என்றாள் சுபைறா, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி.

அதிகாரி தலைவரைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குள்ள ஆக்களும் இருக்கிறாங்களா?"

தலைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "போன மழை வரைக்கும் இருந்தாங்க மிஸ்."

அடுத்த மானியம் உறுதியானது. அன்றைய கூட்டத்தில் நானே முன்மொழிந்தேன். ஏகமனதாக நிறைவேறியது: வாழிடம் எதிர்பார்த்ததை விடச் சிறப்பாக மீண்டுள்ளது. அங்கிருந்து அகற்றப்பட வேண்டிய ஆக்கிரமிப்பு இனம் இனி ஒன்றே ஒன்று. சுபைறாவும் பிள்ளைகளும்.