மாப்பிள்ளை விமானம் பற்றி மூவாருக்கு ஒரு முறையீடு

உ

காஜா பேராங், மலாக்கா
சுபானு வருஷம், சித்திரை மாதம்
(ஜப்பான்காரர்களின் புதுக் கணக்கில் 2603)

மூவாரில் வாழும் மூத்த மைத்துனர் சோலையப்பன் அவர்களின் சமூகத்துக்கு மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை சாரதாம்பாள், மகள் தெய்வானை மூவரும் உயிரோடும் மரவள்ளிக்கிழங்கோடும் சௌக்கியம். அங்கே தாங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். நடுவழியில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் தணிக்கை அதிகாரி அவர்களும் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கள் பார்த்து அனுப்பிய மாப்பிள்ளை பொன்னுதுரை எங்களுக்கு வேண்டாம். நில அளவை ஆபீஸில் படம் வரைகிற பையன், அடக்கமானவன், ஆபீஸை மூடிவிட்டார்கள், மலாக்காவில் ஒரு வேலை தேடிக்கொடுத்து வைகாசியில் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். படம் வரைகிறான், அது உண்மை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டில் தங்குவது முறையில்லை என்று பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் முன்னறையில் இடம் பிடித்துக் கொடுத்தேன். சாப்பாடு நம் வீட்டில். வந்து இறங்கியது முதல் அவன் வேலை தேடிய நாள் ஒன்றுகூட இல்லை. இங்கே வட்டாரத் தலைவர் வேலையில்லாத வாலிபர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கி, சயாமில் ரயில் பாதை போடுவதற்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். சயாம் நல்ல ஊர் என்று சொல்கிறார்கள். போனவர்கள் ஒருவரும் திரும்பி வராததைப் பார்த்தால் அங்கே வசதி அதிகம் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் உங்கள் தங்கைக்கு அந்த வசதியில் விருப்பமில்லை. பொன்னுதுரைக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சயாம் என்று அவள் அரற்றாத வேளை இல்லை. தெய்வானை சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

இந்த நிலைமையில் மாப்பிள்ளை என்ன செய்தார் என்றால், விமானம் கட்டினார். நிஜ விமானம் இல்லை, விரித்த கை நீளம் உள்ள பொம்மை. ஓடிப்போன வெள்ளைக்கார துரை ஒருவர் விட்டுப்போன குட்டி இஞ்சின் ஒன்றை வேட்டிக்குள் சுருட்டி மூவாரிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். இந்த விமானம் தன் இஷ்டத்துக்குப் பறந்து போகாதாம். இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் வருகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நடுவில் நின்று சுற்ற, விமானம் அவனைச் சுற்றி வட்டமடிக்கும். ஒரு கம்பியை இழுத்தால் வால் பலகை நிமிர்ந்து விமானம் மேலே ஏறும், மற்றதை இழுத்தால் கீழே இறங்கும். செக்கு மாடு மாதிரிதான், மாடு ஆகாயத்தில் இருக்கிறது, செக்குதான் தலைசுற்றிக் கீழே விழுகிறது. குழாய் இலாகாவில் இத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் மேலே ஏறுவதற்கு ஒரு காரணம் இருக்கும், இறங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். இது ஏன் ஏற வேண்டும் என்று கேட்டேன். "பறக்கிறதுக்குத்தான் மாமா" என்றான்.

உடம்புக்கு எடையில்லாத பூலாய் மரம், இறக்கைக்கு மூங்கில், வால் பலகைக்கு என் குடையின் கம்பிகள். குடை மழைக்காலத்தில் வேண்டுமே என்றால், மழைக்காலத்துக்குள் யுத்தம் முடிந்துவிடும் என்கிறான். இறக்கையின் மேல் போர்த்துவதற்கு உங்கள் தங்கையின் பழைய பட்டுச்சேலை. அந்தப் பட்டு விறைப்பாக நிற்பதற்கு மரவள்ளிக் கஞ்சி. அரிசியைக் கண்ணால் பார்க்காத வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை எடுத்து விமானத்துக்குப் பூசினான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பூசி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி பூசி, நாலைந்து தடவை இப்படிச் செய்து இறக்கையை மத்தளம் மாதிரி ஆக்கிவிட்டான். தட்டிப் பார்த்து நானே கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் கஞ்சி வாசனைக்கு வந்த கரப்பான் பூச்சிகள் ஒரு பக்கத்து இறக்கையை எலும்புக்கூடாக்கிவிட்டுப் போயிருந்தன. வீட்டில் வயிறாரச் சாப்பிட்டது அவை மட்டும்தான்.

அதனால் இரண்டாம் சேலை. இந்தத் தடவை கஞ்சி வேண்டாம், வார்னிஷ் என்றான். ஊரில் வார்னிஷ் இருக்கிற ஒரே இடம் சீனன் சவப்பெட்டிக் கடை. போய் வாங்கி வந்தான். வாங்கின இடம் உங்கள் தங்கைக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது. "ஏங்க, பொணப்பெட்டிக்குப் பூசுறத எம்பொண்ணு கட்டிக்கப் போறவன் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? வெளங்குமா இது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். நான் பூசவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

இஞ்சினுக்குப் போடுவது ரப்பரிலிருந்து காய்ச்சி எடுக்கிற பெட்ரோல். அதோடு எண்ணெய் கலக்க வேண்டும், விளக்கெண்ணெய்தான் உசத்தி என்று, மாதம் ஒருமுறை வயிற்றைச் சுத்தம் செய்ய வைத்திருந்த புட்டியை எடுத்துப் போய்விட்டான். சந்தில் முதல் தடவை முடுக்கியபோது அது கக்கின விளக்கெண்ணெய் முழுவதும், கொடியில் காய்ந்த பாக்கியத்தின் சாரோங் கைலிகள்மேல் விழுந்தது. தாங்கள் அறிந்ததுதான், பாக்கியம் போன்ற கம்போங் செட்டி ஆட்களுக்குப் பெயர் தமிழ், நெற்றியில் விபூதி, பேச்சு மலாய். அவள் மலாயில் திட்டத் திட்ட, அவன் தமிழில் இஞ்சினை விளக்க விளக்க, இருவருக்கும் நடுவில் நான் சாரோங்கை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கல்வி அதிகாரி, அதாவது ஜப்பான்காரர், இறங்கி வந்தார். இதோடு தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ உட்கார்ந்து, குழந்தையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு மலாயில் சொன்னார்: சக்கரவர்த்தி பிறந்தநாளன்று பாடாங் மைதானத்தில் எல்லோர் முன்னிலும் இதைப் பறக்கவிட வேண்டும். வெறுமனே சுற்றினால் போதாது, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போட வேண்டும். போட்டால் பள்ளிக்கூடங்களில் மாதிரி விமானம் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேலை. போடாவிட்டால், வேலையில்லாதவர்கள் போகும் இடம் தெரியும்தானே என்றார். எங்களுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து கோயிலுக்குப் பின்னால் உள்ள வெளியில் தினமும் சாயங்காலம் பயிற்சி. விமானம் பறந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் சாப்பிட்டபின் உலாவப் போவதுபோல் ஒரே மட்டத்தில் பறந்தது. கம்பியை எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் மூக்கைத் தூக்கி யோசித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். இறக்கை விளிம்பில்தான் கோளாறு என்று தேய்த்தான். வால் பலகையில்தான் கோளாறு என்று வளைத்தான். மூக்கு கனமாக இருக்கிறதே, பின்னால் கொஞ்சம் பாரம் வைத்துப் பாரேன் என்று நான் சொன்னதற்கு, "எடை கூடுனா பறக்காது மாமா, கணக்கு இருக்கு" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டான். பெரியவர்கள் சொல்லைக் கேட்காதவன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

போன வியாழக்கிழமை அந்த நாளும் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு என்றார்கள். கடிகாரங்களையெல்லாம் டோக்கியோவுக்குத் திருப்பி வைத்தபிறகு நல்ல நேரம் பார்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் ராகு காலம் அப்போதுதான் முடிகிறது. சூரியனைப் பார்த்தால் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. "ராகு எந்த ஊரு நேரம் பாப்பான்?" என்று உங்கள் தங்கை கேட்டாள். சவப்பெட்டி வார்னிஷும் ராகு காலமும் சேர்ந்தபின் அவள் சும்மா இருப்பாளா? பாடாங்கில் பொன்னுதுரை நாலு பேருக்கு இஞ்சினை விளக்கிக்கொண்டிருந்த சமயம், லாரிக்குக் கட்டுவதுபோல் விமானத்துக்குத் திருஷ்டி எலுமிச்சம்பழம் ஒன்றை மிளகாயோடு கோத்துக் கட்டிவிட்டாள். முன்னால் கட்டினால் காற்றாடி நறுக்கிவிடும் என்று வாலில் கட்டினாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

இஞ்சின் கிளம்பியது, விமானம் எழும்பியது. பொன்னுதுரை வழக்கம்போல் பலத்தையெல்லாம் சேர்த்துக் கம்பியை இழுத்தான். அவ்வளவுதான், அது மூக்கை நிமிர்த்திக்கொண்டு மேலே போய், தலைகீழாகி, முதுகைக் காட்டி, முழு வட்டமாய் இறங்கி, நிற்காமல் இன்னொன்று போட்டது, பிறகு இன்னொன்று. கரணம் அவன் போட்டதா அது போட்டதா என்பது அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூட்டம் ஆர்ப்பரித்தது. தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கடைசிக் கரணத்தில் எலுமிச்சம்பழம் அறுந்து அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. அந்த நொடியே விமானம் பழைய சாதுவாகி, ஒரே மட்டத்தில் சுற்றி, பதவிசாகத் தரையிறங்கியது. "திருஷ்டி கழிஞ்சிருச்சு" என்றாள் உங்கள் தங்கை. வேலை அங்கேயே உறுதியாயிற்று.

இவ்வளவு நல்லது நடந்தபிறகும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தப் பழத்தைக் கையில் எடுத்து, தான் கணக்குப் போட்டுத் தொங்கவிட்ட பாரம் இது என்று அதிகாரியிடம் வெகுநேரம் விளக்கினானே, அதற்காகத்தான். ஏன் பறந்தது என்று தெரியாமலே பேசுகிறவனை நம்பிப் பெண்ணைக் கொடுக்க என் மனசு ஒப்பவில்லை. வேலை கிடைத்துவிட்டது, சயாம் பயம் நீங்கிவிட்டது, இனி அவனுக்கு நாங்கள் எதற்கு? அவனுக்கு வேறு நல்ல இடமாகத் தாங்களே பார்த்துக்கொள்ளவும். எங்களுக்கு ஒரு குடையும் இரண்டு சேலையும்தான் நஷ்டம்.

அங்குள்ள பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் இருக்கிற இடத்தில் இருந்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் மறுபடி பார்க்கும்படி சிவபெருமான் அருள வேண்டும்.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்

பின்குறிப்பு: இக்கடிதம் தபாலில் வரவில்லை. பாக்கியத்தின் தம்பி சைக்கிளில் மூவார் வருகிறான், அவன் கையில் கொடுக்கிறேன். ஆகையால் தணிக்கை அதிகாரிக்குச் சொன்ன வாழ்த்தை அடித்துவிட்டுப் படிக்கவும். சயாமைப் பற்றி எழுதியதும் பொய். அங்கே பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை மொழிபெயர்ப்பாளர் உத்தரவோடு வந்தார். கல்யாணமான வாத்தியார்கள் மலாக்காவிலேயே இருக்கலாமாம். ஆகாதவர்களைப் பயிற்சிக்கு என்று வெளியூர் கொண்டுபோய், அங்கிருந்து தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவார்களாம். எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. "சுடா காவின்?" கல்யாணம் ஆகிவிட்டதா என்று பொன்னுதுரையைப் பார்த்துக் கேட்டார். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறவன் என் முகத்தைப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் தெய்வானை நிற்பது எனக்குத் தெரிந்தது. "சுடா. மெனந்து சாயா" என்றேன். ஆகிவிட்டது, என் மருமகன் என்று. என் குரல்தான் அது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை வந்து குடும்ப அட்டையில் பதிந்துகொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தாலி கட்டிவிடலாம் என்று இருக்கிறோம். தெய்வானை இன்று மத்தியானம் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டாள். அரிசி கிடைத்தால் கொண்டு வாருங்கள், கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். பெண்ணின் கையைப் பிடித்து மணையில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும். தாங்கள் வராவிட்டால் நான் சொன்னது பொய்யாகவே நின்றுவிடும்.