ஊருக்கெல்லாம் என் ஜாதகம்

சும்மா உட்காரத் தெரியாதவன் கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது. நான் போனேன். எண்பதுகளின் கடைசியில், வில்லியனூரில், அமீது பாயின் ஜெராக்ஸ் கடைக்கு.

பாய் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். ஜாதகம் கணித்துத் தர அதற்கொரு புரோகிராம் வேண்டும் என்றார். ("உங்களுக்கு எதுக்கு பாய் ஜாதகம்?" "எனக்கா வேணும்? வர்றவங்களுக்கு வேணும்பா.") நான் அப்போது பாண்டியில் ஒரு கம்பெனியில் பயிற்சியில் இருந்தேன். அங்கிருந்த யூனிக்ஸ் மெஷினில் எழுதி, ஃப்ளாப்பியில் கொண்டுவந்தேன்.

அதில் ஒரு சாமர்த்தியம் செய்திருந்தேன். நம் ஊர் கரண்ட்டை நம்ப முடியாது. எழுதும்போது போனால், அச்சுக்குப் போகும் பலன் ஃபைல் அரைகுறையாக நிற்கும். அதனால் புதுப் பலன்களை வேறொரு பெயரில் முழுசாக எழுதி முடித்து, கடைசியில்தான் பழைய ஃபைலின் பெயரை அதற்கு வைப்பேன். பாண்டி மெஷினில் பெயர் மாறிய நொடியில் பழையது போய்ப் புதியது அந்த இடத்தில் இருக்கும். (இதைப் பாயின் டீ ஆறிப்போகும்வரை விளக்கினேன்.)

முதல் நாள் மாலை என் பிறந்த நேரத்தையே போட்டுப் பார்த்தேன். அழகாக அச்சாகி வந்தது. அடுத்து இன்னொருவரைப் போட்டுப் பார்க்கப் பொறுமை இல்லை.

மறுநாள் காலையிலிருந்தே கூட்டம். பேர், நாள், நேரம் கேட்டுத் தட்டுவதும் தாளைக் கிழித்துக் கொடுப்பதுமாக இருந்தேன். வெயில் ஏறும் நேரத்தில் ஏம்பலத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி வந்தார். மகளுக்கு வரன் பார்த்து, மாப்பிள்ளையின் அப்பாவையும் கூடவே அழைத்து வந்திருந்தார். பொருந்தினால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

முதலில் மாப்பிள்ளையின் தாள். பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். 'மனைவி வழியில் வீடு அமையும்.' தாளை இறக்கினார்.

"வூடா? வூடு பத்தி நீங்க பேசவே இல்லியே."

"நான் இன்னா கேட்டேன்? மிஷின் சொல்லுது," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"நீங்க சொல்லாம மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

நான் அவசரமாகப் பெண்ணின் தாளை எடுத்துக் கொடுத்தேன். அதை மனசுக்குள் படித்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, என் பொண்ணுக்கு ஏதுபா பொண்டாட்டி?"

வாங்கிப் பார்த்தேன். 'மனைவி வழியில் வீடு. முழங்காலில் தழும்பு. ஓரிடத்தில் உட்கார மாட்டார்.' மேலே அந்தப் பெண்ணின் பெயர்; கீழே அத்தனையும் நான்.

பாய் கடை மெஷின் வேறு ஜாதி. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் பெயரை மாற்ற முடியாது என்று மறுத்துவிடும். மறுத்ததா என்று என் புரோகிராம் கேட்கவே இல்லை. தட்டிய பெயரை மட்டும் மேலே போட்டு, முதல் நாளிலிருந்து கிடந்த என் பலன்களையே எல்லோருக்கும் அச்சடித்துக்கொண்டிருந்தது. எது நடந்தாலும் பழைய ஃபைலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று எழுதியிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் டீக்கடையில் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். சிலர் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

"இன்னா தம்பி, எல்லாருக்கும் முட்டியில தழும்புன்றாங்க?" என்றார் பாய்.

"ஒரு நிமிஷம் பாய்."

உட்கார்ந்து யோசித்திருந்தால், பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவைத்து, புதியது அந்த இடத்துக்கு வந்தபிறகு அழித்திருப்பேன். நான் நின்றபடியே புரோகிராமில் தட்டினேன்: முதலில் பழையதை அழி, பிறகு பெயரை மாற்று. மாப்பிள்ளைக்குச் சரியாக வந்தது. பெண்ணுக்குத் தட்டினேன். பழையது அழிந்து, புதியதற்குப் பெயர் மாறுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் பதற்றத்தில் மறுபடி கணிக்காமலே அச்சடிக்கச் சொன்னேன். பெண்ணின் பெயர் வந்தது. கீழே வெறும் தாள்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார். "பேருக்குக் கீழ ஒன்னுமே இல்ல. இது நல்லதுக்கில்லிங்க."

பெண்ணின் அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஐயா, முன்ன படிச்சது என் ஜாதகம். இது என் தப்பு. பொண்ணு மேல ஒன்னுமில்ல," என்று சொல்லி, பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினேன். கடையே எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து தழும்பைப் பார்த்தார்.

"அப்ப அந்த வூடு உனக்குத்தானா?"

"ஆமாங்க."

"எங்களுக்குள்ள இன்னாத்துக்குச் சண்டை மூட்டிவிட்ட?" என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் சேர்ந்தே கிளம்பி, கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த ஜோசியரிடம் போனார்கள். தை மாதம் கல்யாணம். பாய்க்குப் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை.

திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் வேறு தாள் கொடுத்தோம். வராதவர்களை எங்கே போய்த் தேடுவது?

சில வருஷம் கழித்து, பாகூரில் ஒரு வீட்டுக்கு அம்மா என் கம்ப்யூட்டர் ஜாதகத்தோடு பெண் கேட்டுப் போனார். பெண்ணின் அப்பா அதைப் படித்துவிட்டு உள்ளே போய், பாய் கடையில் அச்சடித்த இன்னொரு தாளோடு வந்தார்.

"இது எங்க பையன் ஜாதகமாச்சேம்மா."

வரிக்கு வரி ஒன்று. அப்படியும் பெண் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நானும் மச்சானும் அந்த வீட்டில் ரெட்டைப் பிள்ளைகள். போன வருஷம் அவனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், மறுநாள் காலை என் மனைவி காப்பிகூடக் கொடுக்காமல் என்னை லேபுக்கு அழைத்துப் போனாள்.