ராசாவுக்குப் பல்லி சொன்ன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதை இல்லை, நடந்தது. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் எல்லாம் இப்போதே உங்கள் மடியில் விழட்டும். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். சூடம் மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும்.

ஒரு காட்டில் ஒரு பல்லி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். வழி சொன்னால் அடுத்த வாரமே போய் ரிசார்ட் கட்டிவிடுவீர்கள்.

பல்லியின் பெயர் மாடக்கண்ணு. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரு பேச்சைப் பேசி முடித்ததும், மரத்தில் ஒட்டிக்கொண்டு ‘ச்சு ச்சு ச்சு’ என்று சொல்லும். உடனே கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் குளம்பாலும் நகத்தாலும் தரையைத் தட்டி, “பாரு, பல்லியே சொல்லிட்டுது. அப்போ நெசந்தான்” என்று எழுந்து போய்விடும். நம் ஊரிலும் இதேதான். நாம் இதைக் காட்டிலிருந்துதான் படித்தோம்; காடு அதற்காக இன்னும் வெட்கப்படுகிறது.

இது ஒரு வேலையா என்று உங்களுக்குத் தோன்றும். மாடக்கண்ணுவிடம் அப்படிக் கேட்டுவிடாதீர்கள்.

“பேச்சு முடியிறதுக்கு முன்னால சொன்னா நக்கல் அடிச்ச மாதிரி ஆயிரும். ரொம்பப் பிந்திச் சொன்னா இரக்கப்பட்ட மாதிரி ஆயிரும். பேசுனவன் வாயை மூடியிருக்கணும், கேட்டவன் வாயைத் திறந்திருக்கக் கூடாது. அந்த இடுக்குல போய் விழணும் பிள்ள” என்று மனைவி பேச்சியிடம் சொல்லும். சரியாக விழுந்த நாளில் மாடக்கண்ணுவுக்குக் கொசுகூட வேண்டாம், வயிறு நிறைந்துவிடும். பேச்சிக்கு நிறையாது.

“அதெல்லாம் சரி, பேசுனது நெசமா பொய்யான்னு பாத்தீங்களா?” என்று பேச்சி கேட்கும்.

“அது என் வேலை இல்ல. அதுக்குன்னு வேற ஆள் வச்சிருப்பாங்க.”

அணில் வீட்டுக் கல்யாணப் பேச்சு, ஆமை வீட்டு வரப்புத் தகராறு என்று சில்லறை வேலை பார்த்துக்கொண்டிருந்த மாடக்கண்ணுவுக்கு, ஒரு கோடையில் அரண்மனை உத்தியோகம் வந்தது. அதற்குக் காரணம் தண்ணீர்.

அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஓர் ஊற்று. அங்கிருந்து பைப் போட்டு, ஆலமரத்தடியில் பொதுக் குழாய் வைத்திருந்தார்கள். டோக்கன் வாங்கி வரிசையில் நின்றால் தண்ணீர். அந்தக் கோடையில் டோக்கன் வந்தது, வரிசையும் வந்தது, தண்ணீர் வரவில்லை. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான். யானை பெரியதம்பி துதிக்கையை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சியதில் ஒரு தவளை வந்து விழுந்தது. அது எழுந்து, “தள்ளு வே, எங்கிட்டயும் டோக்கன் இருக்கு” என்றது.

வரிசையில் முதலில் நின்றது முயல் சொர்ணம். வீட்டில் கண் திறக்காத குட்டிகள். பால் வற்றிப்போய், நாக்கை நனைக்கக்கூட ஒரு சொட்டு இல்லாமல், காலிக் குடத்துக்குள் தலையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதே கோடையில் சிங்க ராசா குகைக்குப் பின்னால் புதிதாக நீச்சல் குளம் வெட்டியிருந்தது. இந்த இரண்டு விஷயங்களையும் யாரும் சேர்த்து யோசிக்கக் கூடாது என்று ராசாவின் காரியதரிசி நரி அறிவிப்பு கொடுத்திருந்தது. அறிவிப்பு கொடுத்த பிறகுதான் எல்லாரும் சேர்த்து யோசித்தார்கள்.

நரி மாடக்கண்ணுவைத் தேடி வந்தது.

“ஓய் மாடக்கண்ணு, வெள்ளிக்கிழமை சபை. ராசா தண்ணியைப் பத்திப் பேசுவாரு. நீரு பின்னால தூண்ல இருந்து ஒரு தடவை சொன்னாப் போதும். கூட்டம் நம்பி எந்திரிச்சுப் போயிரும். மழை வார வரைக்கும் வாயைத் திறக்காது.”

“மைக் உண்டா அண்ணாச்சி?”

“சம்பளம் என்னன்னு கேக்க மாட்டீரா?”

“மைக்கை எந்தப் பக்கம் வைப்பீங்க?”

நரிக்கு உள்ளூரப் பயம் வந்தது. விலை கேட்காதவனை எப்படி விலைக்கு வாங்குவது? ஆனாலும் வேறு பல்லி கிடைக்கவில்லை. எந்தத் திசையிலிருந்து சொன்னால் ராசாவுக்கு நல்லது என்று தினசரி காலண்டரின் பின்பக்கத்தைப் பார்த்து, அந்தத் தூணிலேயே மாடக்கண்ணுவை ஏற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. காடே கூடியது. ராசா மேடையில் ஏறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, ஆரம்பித்தது.

“அன்பார்ந்த வனவாழ் பெருமக்களே, தண்ணீர் என்பது யாதெனில், அது மேலிருந்து கீழே வரக்கூடியது என்பதை நாமெல்லாம் அறிந்திருக்கிற இந்த நிலையிலே, அந்த வகையிலே, எனது தந்தையார் காலத்திலேகூட, அவர் கர்ஜித்த கர்ஜனையானது, அதை நான் இங்கே ஏன் குறிப்பிடுகிறேன் என்று சொன்னால், ஆகவே...”

‘ஆகவே’ என்றதும் மாடக்கண்ணு வாயைத் திறந்தது.

“...மேலும்...”

மூடிக்கொண்டது.

நரி கீழேயிருந்து கண்ணைக் காட்டியது. மாடக்கண்ணு தலையை ஆட்டியது. முடியாத பேச்சுக்கு எப்படிச் சொல்வது? கூரை போடாத வீட்டுக்குப் பால் காய்ச்சுவார்களா?

“சொல்லும் வே!” நரி பல்லைக் கடித்தது.

“முடிக்கட்டும் அண்ணாச்சி.”

“அவரு என்னைக்கு வே முடிச்சிருக்காரு?”

ராசா போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறி இறங்கியது. கரடி உட்கார்ந்தபடியே குறட்டை விட்டது. தூணில் தொங்கிக்கொண்டிருந்த மாடக்கண்ணுவுக்குத் தொண்டையில் அந்த ‘ச்சு’ வந்து நின்று, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல், வராத தும்மல் மாதிரி உயிரை எடுத்தது.

கடைசியில் ராசா தொண்டை காய்ந்து, ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீரை எடுத்துக் குடித்தது. அந்தச் சொம்பைப் பார்த்ததும் சொர்ணத்துக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று சொன்னது:

“ராசா குளத்துல தண்ணி வருது. எங்க குழாய்ல காத்து வருது.”

மாடக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அடடா, என்ன பேச்சு! தலை இருக்கிறது, வால் இருக்கிறது, நடுவில் தொங்கு சதை இல்லை. முடிந்த பிறகு ஓர் அமைதி, பல்லிக்கென்றே அளந்து வெட்டி வைத்த இடுக்கு. அதைச் சும்மா விடுவது பாவம். மாடக்கண்ணு நரியை மறந்தது, ராசாவை மறந்தது, தான் யாருடைய தூணில் இருக்கிறோம் என்பதையே மறந்தது.

‘ச்சு ச்சு ச்சு.’

மைக் வேறு இருந்தது. காட்டின் கடைசி மரம் வரை கேட்டது.

“பல்லியே சொல்லிட்டுது!” காடு முழுக்கத் தரையைத் தட்டியது. யானை பெரியதம்பியும் வழக்கம்போலத் தட்டியது. மேடை பொலபொலவென்று உதிர்ந்து, ராசா கிரீடம் கீழாகவும் கால் மேலாகவும் போய்ச் சேர்ந்தது. கூட்டம் நேராகக் குளத்துக்கு ஓடி, ஊற்றுப் பைப்பைக் குளத்துப் பக்கம் திருப்பியிருந்த வால்வைத் திருகிவிட்டது. அன்று சாயங்காலம் ஆலமரத்தடியில் தண்ணீர் கொட்டியது. சொர்ணத்துக்குப் பால் ஊறி, குட்டிகளுக்குக் குடித்த வேகத்தில் விக்கல் எடுத்தது.

நரி தூணில் ஏறி மாடக்கண்ணுவின் வாலைப் பிடித்தது.

“எவன்கிட்ட வே வாங்குனீரு?”

“யார்கிட்டயும் வாங்கலை. பேச்சு நல்லா முடிஞ்சுது, சொன்னேன்.”

“அது ராசாவுக்கு எதிரான பேச்சு வே!”

“அப்படியா? நான் அதைக் கவனிக்கலையே. முடிஞ்சதைத்தான் கவனிச்சேன்.”

சொல்லிவிட்டு மாடக்கண்ணு வாலை விட்டுவிட்டு ஓடியது. வால் மட்டும் நரியின் கையில் துடித்துக்கொண்டிருந்தது. அதுவும் தாளம் தப்பாமல் துடித்ததாக நரியே பிற்பாடு ஒத்துக்கொண்டது.

இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களுக்கு வசதியாக இருக்கும். என்ன செய்ய, நான் சத்தியம் செய்து தொலைத்திருக்கிறேனே.

மறுநாள் காலை நரி ராசாவிடம் போனது. ராசா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது.

“ஏலே நரி, அந்தப் பல்லியை நசுக்கியாச்சா?”

“வேண்டாம் ராசா. அது மாதிரி ஒரு வேலைக்காரன் நமக்குக் கிடைக்க மாட்டான். அது நெசத்துக்கும் சொல்லலை, பொய்க்கும் சொல்லலை. முடிஞ்ச பேச்சுக்குச் சொல்லுது. நாம முடிக்கணும், அம்புட்டுதான்.”

ராசா பரிதாபமாகப் பார்த்தது. “எனக்கு முடிக்கத் தெரியாதே.”

“தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு.”

நரி ததும்பத் ததும்ப ஒரு குடம் தண்ணீரோடு முயல் வளைக்கு முன்னால் போய் நின்றது. “சொர்ணம் மதினி” என்று கூப்பிட்டது. அதுநாள் வரை ‘ஏ முயலு’தான்.

“தினம் ஒரு குடம் உங்க வாசல்லயே வந்து இறங்கும். வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது. ராசாவுக்கு அப்பப்ப ஒரு வரி சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“பொய்யா?”

“சின்னதுதான்.”

சொர்ணம் குட்டிகளைப் பார்த்தது. குடத்தைப் பார்த்தது. “சின்னதுன்னா சரி. நீளமா எனக்கும் வராது.”

முதலில் அதற்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் வேலையில் உட்கார்ந்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை. ராசா கொடுத்தனுப்பியிருந்த ‘தண்ணீர் வழங்கும் பொருட்டு ஆவன செய்யப்படும் என்கிற நிலையிலே’ என்பதை எடுத்து, அருகம்புல்லைக் கொறிப்பது மாதிரி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் கொறித்துக்கொண்டே வந்தது. கடைசியில் மிஞ்சியது:

‘நாளைக்குத் தண்ணி வரும்.’

சொர்ணம் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தது. சந்தோஷத்தில் பின்னங்காலில் எழுந்து நின்றது. பொய்தான். ஆனால் என்ன லட்சணம்!

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வால்வு மறுபடியும் குளத்துப் பக்கம் திரும்பிவிட்டது. திருகியது ஒரு குரங்கு. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. தொழில் சுத்தம் என்றால் அது.

சபை கூடியது. காங்கிரீட்டில் புது மேடை. மொட்டை வாலோடு மாடக்கண்ணு தூணில் இருந்தது. ராசா எழுந்தது.

“நாளைக்குத் தண்ணி வரும்.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்தப் பரம்பரையிலேயே முதல் தடவை. காடு திகைத்து அமைதியானது. அந்த அமைதிக்குள், நூல் கோத்தது மாதிரி விழுந்தது ‘ச்சு ச்சு ச்சு’.

“பல்லியே சொல்லிட்டுது!” என்று தரையைத் தட்டிவிட்டுக் கூட்டம் வீட்டுக்குப் போனது. யானையும் தட்டியது. மேடை அசையவில்லை.

மறுநாள் தண்ணீர் வரவில்லை. போய்க் கேட்டார்கள். “நாளைக்குன்னுதானே சொன்னேன்” என்றது ராசா. அதுவும் நன்றாகவே முடிந்த பேச்சு. மாடக்கண்ணு அதற்கும் சொன்னது.

அன்று வீட்டுக்கு வந்த மாடக்கண்ணு சுவரில் சாய்ந்துகொண்டு, “இன்னைக்கு விழுந்த மாதிரி என்னைக்குமே விழல பிள்ள. நரி அண்ணாச்சியே கண்ணைத் துடைச்சாரு” என்றது.

“குடிக்கத் தண்ணி இல்லையே?” என்றது பேச்சி.

“நாளைக்கு வரும்.”

பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் அதுவும் ‘ச்சு ச்சு ச்சு’ என்றது. மாடக்கண்ணு சொல்லிக்கொடுத்த கணக்குப்படி, ரொம்பப் பிந்தித்தான் சொன்னது. ஆனால் அதற்குள் மாடக்கண்ணு நிம்மதியாகத் தூங்கிவிட்டது.

நீதி: தன் வேலையை ரசித்துச் செய்கிறவர்களாகப் பார்த்து உத்தியோகத்தில் வை, எந்தக் கோடையிலும் உன் குளம் வற்றாது.

பாருங்கள், மடியில் பல் ஒன்றும் விழவில்லை. ஒன்று ஆடுகிறது, ஆனால் அது போன மாதத்திலிருந்தே ஆடுகிறது. இதைச் சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அந்த ராசா இன்னும் பதவியில்தான் இருக்கிறது. யாராவது துருவித் துருவிக் கேட்டால், உங்கள் வீட்டுச் சுவரில் இருந்த பல்லி சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.