குண்டு மாப்பிள்ளை: ஒரு குறைந்த செலவுக் காவியம்

இலங்கைத் தமிழ்த் திரையுலகின் வரலாற்றை நாளை யாராவது எழுதினால், அதில் கண்டி மாநகரத்துக்கு ஓர் அத்தியாயமும் எனக்கு ஓர் அடிக்குறிப்பும் ஒதுக்கப்படுவது உறுதி. ஒதுக்காவிட்டால் வழக்குப் போடுவேன்.

கிழமை நாட்களில் நான் கோப்பு எழுதும் அரசாங்க லிகிதர். சனி, ஞாயிறுகளில் ‘திரைக்கதைச் சக்கரவர்த்தி’ சோதிலிங்கம். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் மக்கீன் நானாதான் எனது தயாரிப்பாளர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் எல்லாம். இருவருமாக மர்மப் படங்களும் நகைச்சுவைப் படங்களும் எடுத்துத் தள்ளினோம். மர்மப் படத்துக்குச் சனம் சிரித்தது. நகைச்சுவைப் படத்துக்குப் பயந்து எழும்பிப் போனது. எனது கொலைகாரர்கள் கடைசிவரை முகம் காட்டமாட்டார்கள், நடிக்க ஆள் கிடைக்காததால். நாட்டில் குழப்பம் வந்து ஊரடங்குச் சட்டம் போட்டால் மக்கீன் நானா மாடியில் கமராவோடு தயாராக நிற்பார். வெறிச்சோடிய தெருவை அரசாங்கமே ‘செட்’ போட்டுத் தருகிறபோது விடலாமா?

சிக்கனம் எனது எழுத்திலும் இருந்தது. ‘ஏறுகிறான்’, ‘ஓடுகிறார்கள்’ என்றெல்லாம் நான் மையை வீணாக்குவதில்லை. ஏறல், ஓடல், விழுதல். அவ்வளவுதான். ஆணா, பெண்ணா, அஃறிணையா என்பது மக்கீன் நானாவுக்குத் தெரிந்தால் போதும்.

இந்த இலக்கணத்தில்தான் ‘குண்டு மாப்பிள்ளை’ உருவானது. கதாநாயகன் காளிமுத்து. கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவைச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுபவர். அவர் கதிரையில் உட்கார்ந்தால் கதிரைக்காக நாங்கள் இரங்குவோம். ஒரு சனிக்கிழமை படப்பிடிப்புக்கு வந்தவரைக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பொலிஸார் மறித்துச் சோதித்தார்கள். பையில் எனது கைப்பிரதி.

“காட்சி ஒன்பது. குண்டு குட்ஷெட்டில் பஸ் ஏறல். பஸ் சரிதல். சனம் இறங்கி ஓடல். காட்சி பத்து. குண்டு மணவறையில். பொத்தான் வெடித்தல். சனம் விழுதல்.”

சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருந்தேன். பொலிஸ் அதை வேறுவிதமாக விரித்துப் படித்து ஆளை உள்ளே போட்டது.

அன்று பின்னேரமே காளிமுத்துவின் மனைவி பாலம்மா எனது வீட்டுக்கு வந்து நின்றாள்.

“ஐயா, நீங்க எழுதுனதுதானே? நீங்களே போயி சொல்லுங்க. அவரு ஒரு பட்டாசு கூட கொளுத்த மாட்டாருங்க.”

எனது படங்களில் துப்பறிவாளர் பொலிஸ் நிலையக் கதவை உதைத்துத் திறப்பார். நான் குடையை மடக்கி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனேன். எனது சிங்களம் லீவு கேட்க மட்டுமே போதுமானது. ஆயினும் கலைஞன் கலங்கலாமா? பொறுப்பதிகாரியின் பக்கத்தில், தமிழ்ப் பரீட்சையில் சித்தியடைந்த ஒரு ‘நிபுணர்’ நின்றார்.

“குண்டு என்றால் என்ன?” என்று அதிகாரி கேட்டார்.

“உடம்பு பெருத்த ஆள், சேர்.”

“இல்லை சேர், போம்பய,” என்று வெடிகுண்டைச் சிங்களத்தில் சொன்னார் நிபுணர்.

“போம்பயவுக்குத் தமிழில் என்ன?”

“அதுவும் குண்டுதான், சேர்.”

“துவக்குக்குள் போட்டுச் சுடுவது?”

“அதுவும்...” என்று இழுத்தேன். தமிழின் சொல்வளத்தை நான் சபித்த ஒரே நாள் அது.

“அப்போது எது எதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆளைப் பார்த்துத்தான், சேர்.”

“நாங்களும் அப்படித்தான்,” என்றார் அவர், மிகவும் மரியாதையாக. “அந்தப் பொத்தான் எங்கே?”

“அவரின்ரை சேட்டிலை, சேர்.”

அந்தச் சேட்டைக் கழற்றி, முத்திரை குத்தி, கொழும்புக்கு அனுப்பினார்கள். சேட்டுக்குப் பின்னால் காளிமுத்துவையும் அனுப்பினார்கள்.

மக்கீன் நானா என்னைத் தேற்றினார். “கவலப்படாதீங்க மாஸ்டர். பேர மாத்துவோம். ‘பருத்த மாப்பிள்ளை’. எப்பிடி?”

“ஆளே உள்ளுக்கை கிடக்கிறான், பேரை மாத்தி என்ன செய்யிறது?” என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது. நான் மனுப் போட்டேன். பாலம்மா கோயில், தேவாலயம், பள்ளிவாசல், எம்பி வீடு என்று ஒன்றையும் விடவில்லை. விசாரணை மட்டும் எனது படங்களைப் போலவே நகர்ந்தது. அடுத்த காட்சி வரவேயில்லை.

மறுவருடம் மழைக்காலத்தில் ‘சாட்சியம் போதாமையால்’ விடுதலை என்று தகவல் வந்தது. பாலம்மாவும் நானும் அதே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். சாரத்தை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் சுவரோடு சுவராக வந்தார். யாரோ வயதானவர் என்று நான் விலகி வழிவிட்டேன். பாலம்மாதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

அதே அதிகாரி சிரித்த முகத்தோடு கையெழுத்து வாங்கினார். இதற்குள் அவரும் கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார்.

“நல்லா தேடிப் பாத்தது. குண்டு இல்ல. கூட்டிக்கொண்டு போங்க.”

பாலம்மா புருஷனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“ஆமாங்கையா, இல்லதான்,” என்றாள். “நீங்க கொண்டுபோறப்ப இருந்துச்சு.”